நீர் எரிச்சல் சிரப்பும் கல்லுக்குக் குடுக்கிற சிரப்பும் ஒண்ணா?

சமயநல்லூர் மருமகன்
ஏப்ரல் 28, 2025, காலை 8.10

மாமனாருக்கு 67 வயசு. ஸ்கேன்ல வலது கிட்னியில 9 மி.மீ. கல். யூரிக் ஆசிட் கல்லாத்தான் இருக்கும்னு சொல்லி பொட்டாசியம் சிட்ரேட் சிரப் 10 மில்லி, மூணு வேளைன்னு எழுதியிருக்காங்க. பிரஷருக்கு டெல்மிசார்டன் 40 போகுது. வீட்டுல நீர் எரிச்சலுக்கு வாங்கின சிட்ரால்கா முக்கால் பாட்டில் மிச்சம் கிடக்கு. ரெண்டுமே யூரின்ல அமிலத்தைக் குறைக்கிறதுதானே? முதல்ல இதைக் காலி பண்ணிட்டு அதை வாங்கலாமா?

மேலமாசி மாத்திரைக்காரர்
ஏப்ரல் 28, காலை 9.35

காலி பண்ண வேணாம். பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படிங்க. எரிச்சலுக்கு வாங்கினதுல "டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட்"னு இருக்கும். புதுசா எழுதினதுல "பொட்டாசியம் சிட்ரேட், சிட்ரிக் ஆசிட்"னு இருக்கும். ரெண்டுலயும் வேலை பாக்குறது சிட்ரேட்தான். கல்லீரல் அதை பைகார்பனேட்டா மாத்துது, அது ரத்தம் வழியா கிட்னிக்குப் போய் யூரினோட பிஎச்சை (அமிலத்தை அளக்கிற எண், ஏற ஏற அமிலம் குறையுதுன்னு அர்த்தம்) ஏத்துது. அதனாலதான் நாக்குல புளிக்கிற மருந்து யூரினைக் காரமாக்குது (மிளகாய்க் காரம் இல்ல, அமிலத்துக்கு எதிர்).

வித்தியாசம் சிட்ரேட் கூடவே வர்ற ஆள்ல. ஒண்ணுல சோடியம், இன்னொண்ணுல பொட்டாசியம். பிரஷர், இதய வீக்கம், கால் வீக்கம் இருக்கிறவங்களுக்கு முதலாவது ஆகாது. கிட்னி பலவீனமா இருக்கிறவங்களுக்கும் சில பிரஷர் மாத்திரை போடுறவங்களுக்கும் ரெண்டாவது ஆகாது. உங்க மாமனார் ரெண்டு பக்கமும் ஒரு காலை வச்சுக்கிட்டு நிக்கிறார்.

சோடியம் சிரப் 10 மில்லியில ஏறத்தாழ 250 மி.கி. சோடியம் வரும். மூணு வேளைக்கு முக்கால் கிராம்.

மேலமாசி மாத்திரைக்காரர்
ஏப்ரல் 28, காலை 10.20

மேல போட்ட கணக்கு தப்பு. 250 மி.கி.ங்கிறது 5 மில்லிக்கு. பெரும்பாலான பிராண்டுல 5 மில்லிக்கு 1.25 முதல் 1.4 கிராம் வரை டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட் இருக்கும், அதுல சோடியம் பங்கு கிட்டத்தட்ட கால் கிராம். அப்ப 10 மில்லி மூணு வேளைக்கு ஒன்றரை கிராம் சோடியம். சாப்பாட்டு உப்பா மாத்திப் பாத்தா 4 கிராமுக்குக் கொஞ்சம் கம்மி. உலக சுகாதார நிறுவனம் நாள் முழுக்கவே 5 கிராம் உப்புக்குள்ள இருக்கச் சொல்லுது. ஊறுகாயை நிறுத்திட்டு இதைக் குடிச்சா பிரயோஜனம் இல்ல.

இன்னொண்ணு. சோடியம் கூடினா யூரின்ல கால்சியமும் கூடப் போகும். யூரிக் கல்லுக்குக் குடிச்ச மருந்து கால்சியக் கல்லுக்கு வழி விடுற மாதிரி ஆயிடும். கல்லுக்கு மாசக்கணக்குல குடுக்கிறப்ப பொட்டாசியம் உப்பைத் தேர்ந்தெடுக்கிறது இதுக்குத்தான்.

உசிலைக்காரன்
ஏப்ரல் 28, மதியம் 1.05

அப்ப பொட்டாசியம் நல்லது, சோடியம் கெட்டது. முடிஞ்சதுல்ல?

மேலமாசி மாத்திரைக்காரர்
ஏப்ரல் 28, மதியம் 2.40

முடியல தம்பி. பொட்டாசியம் கணக்கையும் போடுங்க. 5 மில்லியில பொட்டாசியம் சிட்ரேட் 1100 மி.கி. இருக்கிற சிரப்னா, அதுல 10 மில்லி ஈக்விவலண்ட் பொட்டாசியம் இருக்கு (இது உப்பை அளக்கிற அலகு, சிரப் அளக்கிற மில்லி இல்ல). இனிமே "மி.ஈ."ன்னே எழுதுறேன். 1080 மி.கி. மாத்திரையும் அதே 10 மி.ஈ. தான். மாமனாருக்கு எழுதின அளவு ஒரு நாளைக்கு 60 மி.ஈ., அதாவது 2.3 கிராம் பொட்டாசியம். கிட்னி நல்லா இருந்தா வெளிய தள்ளிடும். கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை பாக்குதுன்னு காட்டுற ரத்த அளவு) ஏறியிருந்தா தேங்கும். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் எல்லாமே பொட்டாசியத்தைப் பிடிச்சு வைக்கிற மருந்துங்க. ஸ்பைரனோலாக்டோன் இன்னும் கெட்டி. டார்சிமைடோட சேர்த்து ஒரே மாத்திரையா வர்றதால அது உள்ள இருக்கிறதே பல பேருக்குத் தெரியாது. மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போட்டா அதுவும் அதே பக்கம் இழுக்கும். யூரின் தொற்றுக்குக் குடுக்கிற கோட்ரைமாக்சசோல்ல இருக்கிற டிரைமெத்தோபிரிமும் அப்படித்தான்.

ரத்தத்துல பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினா கவலைப்படணும். கஷ்டம் என்னன்னா, வலி கிடையாது. சில பேருக்குக் கால் தளர்ச்சி, விரல் மரத்துப்போறது வரும். சில பேருக்கு ஒண்ணுமே தெரியாம நேரா இதயத்துடிப்புல கை வைக்கும்.

அதனால சமயநல்லூர்க்காரரே, முதல் டோசுக்கு முன்னாடி பொட்டாசியம், கிரியாட்டினின் ரெண்டும் பாத்தாச்சான்னு கேளுங்க. ஒரு வாரம், பத்து நாள்ல மறுபடி. அதுக்கப்புறம் நாலு மாசத்துக்கு ஒருக்கா. டெல்மிசார்டன் போகுதுங்கிறதை எழுதின டாக்டர்கிட்ட வாயால சொல்லுங்க. பிரஷருக்கு ஒரு டாக்டர், கல்லுக்கு ஒரு டாக்டர்னு பாக்குறப்ப இவர் சீட்டு அவருக்குத் தெரியாது.

லேப் அக்கா
ஏப்ரல் 28, இரவு 9.15

பொட்டாசியம் பார்க்க ரத்தம் கொடுக்கும்போது கையை இறுக்கி இறுக்கி மடக்க வேண்டாம். ரப்பர் பட்டையை வெகு நேரம் கட்டி வைத்தாலும், எடுத்த ரத்தத்தில் செல்கள் உடைந்தாலும் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். 5.9 என்று வந்தால் பயந்து எல்லா மருந்தையும் நிறுத்துவதோ, "லேப் தப்பு" என்று சொல்லித் தொடர்ந்து குடிப்பதோ கூடாது. சிட்ரேட்டை மட்டும் நிறுத்தி, அன்றே டாக்டரிடம் காட்டி, மறு ரத்தமும் ஈசிஜியும் எடுக்க வேண்டும்.

சமயநல்லூர் மருமகன்
ஏப்ரல் 29, காலை 7.50

கிரியாட்டினின் 1.1. பொட்டாசியம் 4.4. டெல்மிசார்டன் விஷயத்தை டாக்டர்கிட்ட சொல்லியாச்சு. இப்போதைக்கு 5 மில்லி மூணு வேளையா ஆரம்பிச்சு, பத்து நாள்ல ரத்தம் பாத்துட்டு ஏத்தலாம்னாங்க. அவர் தினம் ரெண்டு இளநீர் குடிப்பார், அது பரவாயில்லையா?

மேலமாசி மாத்திரைக்காரர்
ஏப்ரல் 29, காலை 8.30

100 மில்லி இளநீர்ல சுமார் 250 மி.கி. பொட்டாசியம். காய்க்குக் காய் மாறும். 300 மில்லி தண்ணி உள்ள ஒரு காய்க்கு 19 மி.ஈ. வச்சுக்கங்க. ரெண்டு காய்னா 38. டாக்டர் இப்ப எழுதின 30-ஐ விட இது கூட! டாக்டர் பாதியாக் குறைச்சதை இளநீர் கடைக்காரர் திருப்பிக் குடுத்துட்டார்.

கிட்னி நல்லா இருக்கிறவர்தான், ஒரு காய் பரவாயில்ல. ஆனா ரத்தம் பாக்குற வரைக்கும் அதையும் ஒருநாள் விட்டு ஒருநாளா வச்சுக்கங்க. பிரஷர்காரங்களுக்குன்னு விக்கிற "லோ சோடியம் உப்பு" வீட்டுல இருந்தா எடுத்து வைங்க. அதுல சோடியத்துக்குப் பதிலா போட்டிருக்கிறது பொட்டாசியம் குளோரைடு.

மேலமாசி மாத்திரைக்காரர்
ஏப்ரல் 29, காலை 8.45

பொட்டாசியம் குளோரைடுன்னதும் ஞாபகம் வந்தது. அந்தப் பேர்லயும் சிரப் இருக்கு. ரத்தத்துல பொட்டாசியம் குறைஞ்சவங்களுக்கு, பேதி ஆனவங்களுக்குக் குடுக்கிறது. அது யூரின் பிஎச்சை ஏத்தாது, கல்லுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. சீட்டுல "பொட்"டுன்னு எழுதி அப்புறம் ஒரு கோடு இழுத்திருந்தா, கடையில தட்டு மாறி எடுத்துக் குடுக்க வாய்ப்பு இருக்கு. வாங்கினதும் "சிட்ரேட்"ங்கிற வார்த்தை பாட்டில்ல இருக்கான்னு பாருங்க.

உசிலைக்காரன்
ஏப்ரல் 30, மாலை 6.20

கல் கரையுமா கரையாதா, அதைச் சொல்லுங்கண்ணே. எங்க ஊர்ல எல்லாக் கல்லுக்கும் இந்த சிரப்பைத்தான் "கல் கரைக்கிற டானிக்"ங்கிறாய்ங்க.

மேலமாசி மாத்திரைக்காரர்
ஏப்ரல் 30, இரவு 10.05

யூரிக் ஆசிட் கல் கரையும். சிஸ்டின் கல்லுக்கும் பிஎச் ஏத்துறது உதவும், ஆனா 7-க்கு மேல போகணும், அது ரொம்ப அபூர்வமான கல். நம்ம ஊர்ல பெரும்பாலும் வர்றது கால்சியம் ஆக்சலேட். அது இந்த சிரப்புல கரையவே கரையாது. அதுக்கு சிட்ரேட் குடுக்கிறது புதுக் கல் சேராம இருக்க. யூரின்ல இருக்கிற கால்சியத்தை சிட்ரேட் பிடிச்சுக்கிட்டா ஆக்சலேட்டுக்கு ஜோடி கிடைக்காது. தொற்றால வர்ற கல்லுல யூரின் ஏற்கெனவே காரமா இருக்கும், அங்க இந்த சிரப்பைக் குடுத்தா எரியிற அடுப்புல விறகு வச்ச மாதிரி.

யூரிக் கல் ஏன் கரையுதுன்னா கணக்கு இருக்கு. யூரிக் ஆசிடோட பிகேஏ 5.35. அந்த பிஎச்ல பாதி கரையாத அமில வடிவத்துல இருக்கும், பாதி கரையிற யூரேட் வடிவத்துல இருக்கும். பிஎச் 5-ல கரையாத பங்கு 69 சதவீதம். 6-ல 18. 6.5-ல வெறும் 6.6. 7-ல 2.

ஒரு ஆள் நாளைக்கு 600 மி.கி. யூரிக் ஆசிட் வெளிய விடுறார்னு வைங்க. யூரின் ஒரு லிட்டர், பிஎச் 5. கரையாத வடிவம் 414 மி.கி. ஒரு லிட்டர் தாங்குறது சுமார் 100 மி.கி. தான், மிச்சம் படிகமா விழும். "தண்ணி நிறையக் குடி"ன்னு ரெண்டு லிட்டர் ஆக்கியாச்சு, பிஎச் அதே 5. லிட்டருக்கு 207, இன்னும் எல்லைக்கு ரெண்டு மடங்கு. இப்ப அதே ரெண்டு லிட்டர்ல பிஎச் 6.5 ஆக்குங்க. லிட்டருக்கு 20 மி.கி. புதுசா விழாதது மட்டுமில்ல, பழைய கல்லும் கரைய இடம் கிடைக்குது. தண்ணியை மட்டும் நம்பி யூரிக் கல்லை ஜெயிக்க முடியாது. அதுக்காகத் தண்ணி இல்லாம சிரப்பை மட்டும் குடிச்சாலும் நடக்காது.

6.5-ல இருந்து 7-க்கு ஏத்தினா லாபம் என்ன? 6.6 சதவீதம் 2 ஆகுது, அவ்வளவுதான். நஷ்டம் பெரிசு. 7-க்கு மேல போகப் போக கால்சியம் பாஸ்பேட் படிய ஆரம்பிக்கும். யூரிக் கல் மேலேயே அது ஓடு மாதிரி மூடிட்டா உள்ள இருக்கிறது அப்புறம் கரையாது. "சீக்கிரம் கரையட்டும்"னு ரெண்டு மூடி சேர்த்துக் குடிக்கிறவங்க மாட்டுறது இங்கதான். புதுசா வராம தடுக்க 6.2 முதல் 6.8. கரைக்கிறதுக்காக டாக்டர் 7-ஐ ஒட்டிப் போகச் சொல்லலாம், அது அவர் கண்காணிப்புல இருக்கிறப்ப மட்டும்.

கரைய வாரக்கணக்கு, மாசக்கணக்கு ஆகும். யூரிக் கல் சாதா எக்ஸ்ரேல தெரியாது, அல்ட்ராசவுண்ட் இல்ல சிடி வேணும். இடையில காய்ச்சல், குளிர் நடுக்கம், யூரின் நின்னு போறது, ஒரு பக்க விலா வலியோட வாந்தி, இதுல எது வந்தாலும் சிரப் நேரம் முடிஞ்சது, ஆஸ்பத்திரி நேரம்.

லேப் அக்கா
மே 1, காலை 11.30

பிஎச் பார்க்காமல் இதைக் குடிப்பது மீட்டர் இல்லாத ஆட்டோ. வீட்டிலேயே ஸ்ட்ரிப் வைத்துப் பார்க்கலாம், ஆனால் பார்க்கும் விதத்தில் பாதிப் பேர் தப்பு செய்கிறார்கள்.

நீலம், சிவப்பு லிட்மஸ் தாள் உதவாது. 5-லிருந்து 8.5 வரை அரை அரையாகக் காட்டும் ஸ்ட்ரிப் வேண்டும். பத்துக் கட்டம் உள்ள யூரின் ஸ்ட்ரிப்பில் பிஎச் கட்டத்துக்குப் பக்கத்திலேயே புரதக் கட்டம் இருக்கும். அந்தப் புரதக் கட்டத்தில் அமிலம் தோய்த்திருப்பார்கள். ஸ்ட்ரிப்பைச் செங்குத்தாகப் பிடித்தால் அந்த ஈரம் வழிந்து பிஎச் கட்டத்தில் இறங்கி, 6.5 இருப்பதை 5.5 என்று காட்டும். அதைப் பார்த்து இன்னும் 10 மில்லி கூட்டிக் குடிப்பார்கள். சரியான முறை: முழுவதும் நனையும்படி ஒரே ஒரு நொடி முக்குங்கள். வெளியே எடுக்கும்போது கப்பின் விளிம்பில் ஓரத்தைத் தேய்த்து வழியவிடுங்கள். பிறகு படுக்கைவாட்டில் பிடித்து, டப்பாவில் போட்டிருக்கும் நொடி வரை பொறுங்கள் (பெரும்பாலும் 60). ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள், மஞ்சள் பல்பில் ஆரஞ்சும் பச்சையும் குழப்பும்.

யூரின் புதிதாக இருக்க வேண்டும். காலையில் பிடித்துக் கழிவறை மேடையில் வைத்துவிட்டு மதியம் பார்த்தால் கிருமிகள் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கியிருக்கும், 8 என்று காட்டும். மருந்து அபாரமாக வேலை செய்வதாக நினைத்துக்கொள்வீர்கள்.

எரிச்சலுக்கு ஃபெனாசோபிரிடின் மாத்திரை போட்டிருந்தால் யூரின் ஆரஞ்சு நிறமாக வரும், அப்போது ஸ்ட்ரிப் நிறத்தை நம்ப முடியாது.

டயாலிசிஸ் சிஸ்டர்
மே 1, இரவு 8.40

சிட்ரேட் பத்தி மட்டுமே ஓடுது. சோடா மாத்திரை, அதான் சோடியம் பைகார்பனேட், அதைச் சொல்லலையே. கிட்னி செயல் குறைஞ்சவங்களுக்கு 500 மி.கி. மாத்திரை எழுதுவாங்க. அது யூரினுக்காக இல்ல, ரத்தத்துல அமிலம் சேர்றதுக்காக. அந்த மாத்திரையைப் பாத்துட்டு "எனக்கும் நீர் எரியுது"ன்னு பக்கத்து வீட்டு அக்கா வாங்கிப் போடுறது இங்க வழக்கம். மாத்திரை கிடைக்கலைன்னா ஆப்பசோடா.

ஒரு 500 மி.கி. மாத்திரையில 6 மி.ஈ. காரம், 137 மி.கி. சோடியம். ஆப்பசோடா ஒரு டீஸ்பூன் சுமார் 5 கிராம், பத்து மாத்திரைக்குச் சமம். வயிறு முட்ட விருந்து சாப்பிட்டுட்டு அதைக் கரைச்சுக் குடிச்சா வாயு பொங்கி, இரைப்பை கிழிஞ்ச கேஸ்கள்கூட மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. தினமும் குடிச்சா ரத்தம் காரமாகி, பொட்டாசியம் இறங்கி, கை கால் இழுக்கும். ஆப்பசோடா ஆப்பத்துக்கு!

உசிலைக்காரன்
மே 1, இரவு 9.10

ஆப்பத்துக்கும் கொஞ்சமாத்தான் சிஸ்டர். எங்க மதினி போடுற அளவுக்கு தோசைக்கல்லே கரைஞ்சிரும்.

மேலமாசி மாத்திரைக்காரர்
மே 3, காலை 10.00

எரிச்சல் பக்கத்துக்கு வர்றேன். கல்லை விட இதுக்குத்தான் கடைக்கு ஆள் கூட வருது, அதுவும் அக்னி நட்சத்திரம் நாளைக்கு ஆரம்பிக்குது.

வெயில்ல தண்ணி குறைஞ்சு யூரின் கெட்டியாப் போனா எரியும். நாம நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்குங்கிறது பாதிக்கு மேல இதுதான். தண்ணி, மோர் குடிச்சா ஒரு நாள்ல சரியாயிடும், சிரப்பே வேணாம். தொற்றா இருந்தா சிரப் எரிச்சலைக் கொஞ்சம் தணிக்கலாம், கிருமியைக் கொல்லாது. எரிச்சலைத் தணிக்கும்னு சொல்றதுக்கே உறுதியான ஆதாரம் கம்மி. 2016-ல வந்த காக்ரேன் (மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடை போடுற அமைப்பு) ஆய்வுத் தொகுப்புல, ஒரு முடிவுக்கு வர்ற அளவுக்குத் தகுதியான சோதனை ஒண்ணுகூடக் கிடைக்கலைன்னுதான் இருந்தது. நாப்பது வருஷமா எல்லா வீட்டு அலமாரியிலயும் இருக்கிற பாட்டிலைப் பத்தி இப்படிச் சொல்றது சங்கடம்தான், ஆனா அதான் நிலவரம்.

ரெண்டு நாள் பாருங்க. தணியலைன்னா யூரின் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பாக்குற சோதனை) குடுங்க, ஆன்டிபயாட்டிக் தொடங்குறதுக்கு முன்னாடி. ஆம்பளைங்க, கர்ப்பிணிங்க, பிள்ளைங்க, சர்க்கரைக்காரங்க, ரத்தம் கலந்து போறவங்க இந்த ரெண்டு நாளும் காத்திருக்க வேணாம்.

சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போடுறவங்களைத் தனியாச் சொல்லணும். அந்த மருந்து சர்க்கரையை யூரின் வழியா வெளிய தள்ளுது. அதனால பிறப்புறுப்புல பூஞ்சைத் தொற்று வந்து அரிக்கும், எரியும், வெள்ளையாப் படியும். அதை நீர் எரிச்சல்னு நெனச்சு மூணு பாட்டில் சிரப் காலி பண்றவங்க உண்டு. பூஞ்சைக்கு மருந்து வேற. சில பிராண்ட் சிரப்புல சர்க்கரையும் இருக்கு, "சுகர் ஃப்ரீ"ன்னு லேபிள்ல இருந்தாத்தான் இல்லைன்னு அர்த்தம்.

மேலமாசி மாத்திரைக்காரர்
மே 3, மதியம் 12.15

எரிச்சல்னு போனா ஒரே சீட்டுல ஆன்டிபயாட்டிக்கும் காரச் சிரப்பும் சேர்ந்து வரும். சேரக்கூடாத ஜோடிங்க:

நைட்ரோஃபியூரன்டாயின் அமில யூரின்ல நல்லா வேலை பாக்கும், காரமாக்கினா வீரியம் குறையும். இது ரெண்டும் ஒண்ணா எழுதின சீட்டு சாதாரணமா வருது. டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா பெரும்பாலும் சிரப்பை அடிச்சிருவாங்க. அடிக்கடி தொற்று வராம இருக்கக் குடுக்கிற மெத்தனமைன் இன்னும் கறார். அது அமில யூரின்ல ஃபார்மால்டிஹைடா உடைஞ்சாத்தான் கிருமி சாகும், பிஎச் 6-க்கு மேல போனா அந்த மாத்திரை சும்மா போய்ட்டு வரும். சிப்ரோஃப்ளாக்சசின் கார யூரின்ல படிகமா விழலாம். அதோட மெக்னீசியம் கலந்த சிட்ரேட் சிரப் சேர்ந்தா குடல்லயே பிணைஞ்சு உள்ள ஏறாது. சிப்ரோவை ரெண்டு மணி நேரம் முன்னாடி போடணும், இல்ல ஆறு மணி நேரம் பின்னாடி.

நெஞ்செரிச்சல் ஜெல்லுல அலுமினியம் ஹைட்ராக்சைடு இருக்கான்னு பாருங்க. சிட்ரேட் கூட இருந்தா அலுமினியம் உடம்புக்குள்ள அதிகமா ஏறும். கிட்னிக்காரங்க இந்த ஜோடியைத் தொடவே கூடாது. மனநல மருந்துல லித்தியம் போடுறவங்களுக்குக் கார யூரின்ல லித்தியம் வேகமா வெளிய போய் அளவு இறங்கும். சளி மாத்திரையில இருக்கிற சூடோஎஃபிட்ரின் நேர்மாறு, வெளிய போகாம உடம்புல தங்கும். படபடப்பு, தூக்கமின்மை.

சமயநல்லூர் மருமகன்
மே 7, இரவு 7.30

சிரப் புளிப்புப் பிடிக்கல, குமட்டுதுங்கிறார். மாத்திரையா மாத்திக் கேக்கலாமா? பெருசா இருக்காம், பொடி பண்ணி மோர்ல போடலாமா?

மேலமாசி மாத்திரைக்காரர்
மே 7, இரவு 9.55

பொடி பண்ணாதீங்க. அந்த மாத்திரை மெழுகுக் கூடு மாதிரி செஞ்சது, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமா விடும். நுணுக்கினா மொத்தப் பொட்டாசியமும் ஒரே இடத்துல இறங்கி இரைப்பையைப் புண்ணாக்கும். கடிக்கவும் கூடாது, சப்பவும் கூடாது. அல்சர் இருக்கிறவங்க, சர்க்கரையால இரைப்பை மெதுவாக் காலியாகுறவங்க மாத்திரை பக்கமே போக வேணாம், சிரப்தான். மாத்திரை போட்டா மலத்துல முழுசா மாத்திரை மாதிரியே ஒண்ணு வெளிய வரும். பதறாதீங்க, அது வெறும் கூடு.

சிரப் குமட்டுறதுக்குக் காரணம் பெரும்பாலும் குடிக்கிற விதம். மூடியில ஊத்தி அப்படியே வாயில கவுக்கிறாரா? அது தப்பு. ஒரு டம்ளர் தண்ணி, 200 மில்லியாவது, அதுல கலக்கிச் சாப்பிட்டு முடிச்ச அரை மணி நேரத்துக்குள்ள மெதுவாக் குடிக்கச் சொல்லுங்க. வெறும் வயித்துல குடிச்சா வயித்து வலி, பேதி. கொஞ்சம் குளிர்ந்த தண்ணியா இருந்தா புளிப்பு தெரியாது.

அளக்கிறது அளவு மூடியில. "ரெண்டு ஸ்பூன்"னு எழுதினா 10 மில்லி. வீட்டுக் கரண்டி மூணு மில்லியும் பிடிக்கும், எட்டு மில்லியும் பிடிக்கும். மூடியையும் கழுவிக் கவுத்து வைக்கணும். பாகு காஞ்சு அடியில ஓடு கட்டினா 5 மில்லிக் கோடே பொய் சொல்லும்.

உசிலைக்காரன்
மே 8, காலை 6.40

வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் கஷாயம், நெருஞ்சி முள்ளு? எலுமிச்சம்பழம்? சிரப்பே வேணாம்ங்கிறாரு எங்க அப்பா.

மேலமாசி மாத்திரைக்காரர்
மே 8, காலை 9.20

சிறுபீளையைப் பொங்கலுக்குக் காப்பு கட்டுறதோட நிறுத்திக்கலாம்னு சொல்ல மாட்டேன், ஊர் அனுபவம் இருக்கு. ஆனா எந்தக் கஷாயத்துல எவ்வளவு பொட்டாசியம்னு லேபிள் கிடையாது. வாழைத்தண்டுலயும் பொட்டாசியம் உண்டு. சிட்ரேட் சிரப்பும் கூடவே தண்டுச் சாறும்னு இரட்டிப்பு பண்ணக்கூடாது, கிட்னி குறைஞ்சவங்க தண்டுச் சாறே குடிக்கக்கூடாது.

எலுமிச்சைச் சாறு யூரின்ல சிட்ரேட்டைக் கூட்டும். பிஎச்சை அவ்வளவா ஏத்தாது, ஏன்னா அதுல பெரும்பகுதி சிட்ரிக் அமிலம், உப்பு இல்ல. கால்சியக் கல்காரங்களுக்கு நல்லது, யூரிக் கல்லைக் கரைக்க அது பத்தாது. உப்புப் போட்ட லெமன் சோடாவாக் குடிச்சா மறுபடி சோடியம்.

டயாலிசிஸ் சிஸ்டர்
மே 10, மாலை 5.15

நாளைக்கு எதிர்சேவை, மறுநாள் அழகர் ஆத்துல இறங்குறார். தல்லாகுளத்துல விடிய விடிய நிக்கிறவங்கள்ல பொட்டாசியம் சிட்ரேட் குடிக்கிறவங்களும் இருப்பீங்க. வேர்த்து உடம்புல நீர் வத்துறப்ப கிட்னிக்கு ரத்தம் குறையும், பொட்டாசியம் தேங்கும். கழிவறைக்குப் பயந்து தண்ணி குடிக்காம நிக்கிறதுதான் நம்ம பொம்பளைங்க பழக்கம். மண்டகப்படியில குடுக்கிற பானகத்தையும் நீர்மோரையும் வாங்கிக் குடிங்க (சர்க்கரைக்காரங்க மோர் மட்டும்). வாந்தி பேதி ஆச்சுன்னா அன்னைக்குச் சிரப் வேணாம், டாக்டரைக் கேட்டுட்டுத்தான் மறுபடி.

லேப் அக்கா
மே 10, இரவு 8.05

மோரில் உப்பு இருக்குமே என்று சோடியம் சிரப்காரர்கள் கேட்பார்கள். அன்று ஒருநாள் வியர்க்கிற வியர்வைக்கு மோர் உப்பு பெரிய பிரச்சினை இல்லை. இதய வீக்கம் உள்ளவர்கள் மட்டும் உப்பில்லாத மோர் கேட்டு வாங்கவும்.

சமயநல்லூர் மருமகன்
மே 14, காலை 7.20

பத்து நாள் ரத்தம்: பொட்டாசியம் 4.7, கிரியாட்டினின் 1.1. யூரின் பிஎச் மூணு நாளா: காலை 5.5, மதியச் சாப்பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் கழிச்சு 6.5, ராத்திரி 6. அக்கா சொன்ன மாதிரி படுக்கவச்சுப் பிடிச்சுத்தான் பாத்தேன். காலையில மட்டும் ஏறவே மாட்டேங்குது. டாக்டரை நாளைக்குப் பாக்கப் போறோம்.

மேலமாசி மாத்திரைக்காரர்
மே 14, காலை 9.05

நல்லாப் போகுது. காலை முதல் யூரின்தான் எப்பவுமே அமிலம் கூடினது. ராத்திரி முழுக்கத் தண்ணி இல்ல, மருந்தும் இல்ல. சாப்பிட்ட பிறகு இரைப்பை அமிலம் சுரக்கிறதால மதியம் தானா ஏறும். அந்த 6.5-ஐ மட்டும் பாத்து ஏமாறக்கூடாது, கல் வளர்றது ராத்திரியிலதான்.

ராத்திரி டோசை மாலை ஆறு மணிக்குக் குடுத்துட்டு ஒன்பது மணிக்குச் சாப்பிடுறாரா? அப்படின்னா முதல்ல அதைச் சாப்பாட்டுக்குப் பின்னாடி தள்ளுங்க. கூடவே ஒரு டம்ளர் தண்ணி, ராத்திரி ஒருக்கா எழுந்திரிச்சாலும் பரவாயில்ல. மொத்த அளவைக் கூட்டலாமா, இல்ல அதே அளவுல ராத்திரிப் பங்கை மட்டும் பெருசாக்கலாமாங்கிறதை டாக்டர்கிட்ட விடுங்க. அந்த ஒன்பது அளவையும் நேரத்தோட ஒரு தாள்ல எழுதிக் குடுத்தா ரெண்டு நிமிஷத்துல முடிவு சொல்லிருவாங்க.

சமயநல்லூர் மருமகன்
மே 16, இரவு 8.45

ஆறு மணிக்குத்தான் குடிச்சிருக்கார், டிவி சீரியலுக்கு முன்னாடி. டாக்டர் காலை 5, மதியம் 5, ராத்திரி சாப்பிட்ட பிறகு 10-ன்னு மாத்தி எழுதிட்டாங்க. ஒரு வாரத்துல மறுபடி பொட்டாசியம், ஆறு வாரத்துல ஸ்கேன். இளநீர் வாரத்துக்கு மூணு போதும்னு அவங்களும் சொன்னாங்க.

பழைய சிட்ரால்கா பாட்டிலை என்ன பண்ண? எக்ஸ்பயரி 2026 வரைக்கும் இருக்கு.

மேலமாசி மாத்திரைக்காரர்
மே 16, இரவு 9.30

அந்தத் தேதி சீல் உடைக்காத பாட்டிலுக்கு. திறந்தது எப்போ?

சமயநல்லூர் மருமகன்
மே 16, இரவு 9.41

போன சித்திரைக்கு.

மேலமாசி மாத்திரைக்காரர்
மே 16, இரவு 9.43

கொட்டிருங்க.